மார்க் பிரையரைக் கெடுத்தது யார்?

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. முதலாவது நேரடியானது. சிகாகோ கப்ஸ் அணியின் மார்க் பிரையர் 22 வயதில் அமெரிக்க பேஸ்பாலின் மிகச் சிறந்த பிட்சர்களில் (பந்து எறிபவர்களில்) ஒருவராக இருந்துவிட்டு, 26 வயது நிறைவதற்குள் ஏன் காணாமல் போனார்? மேனேஜர் டஸ்டி பேக்கர் அளவுக்கு மீறி எறியவைத்ததாலா, இல்லை அவருடைய உடம்பின் வலுவே அவ்வளவுதானா? இரண்டாவதை நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் 12 வயது மகன் ஊர் அணியில் பிட்சராக எறியத் தொடங்கியிருக்கிறான். உங்கள் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் “பிரையர் கதையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார். அது உங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் கேள்விக்கு நீளமாகவும் இரண்டாவதற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன். முதலாவது தெளிந்தால் இரண்டாவதில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் இயன்முறை மருத்துவம் படித்தேன். 20 ஆண்டுகளுக்கு மேலாகச் சிகாகோவின் புறநகர் ஒன்றில் தொழில் செய்கிறேன். தோளும் முழங்கையும்தான் என் பிழைப்பு. வசந்த காலம் பிறந்துவிட்டால் என்னிடம் வரும் பத்துப் பேரில் மூன்று பேராவது பள்ளியிலோ கல்லூரியிலோ பந்து எறியும் பையன்களாக இருப்பார்கள். ஆனால் பிரையரின் தோளை நான் தொட்டதில்லை, அவருடைய ஸ்கேன் படங்களைப் பார்த்ததும் இல்லை. பார்க்காத நோயாளியைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஊருக்கே தெரிந்த செய்திகளையும், என் தொழிலில் உறுதியானவை என்று கருதப்படுபவற்றையும் சேர்த்துவைத்துத்தான் பேச முடியும். எது உறுதி, எது ஊகம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 2001இல் முதல் வாய்ப்பு மின்னசோட்டா ட்வின்ஸ் அணிக்கு. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரையரை அந்த அணி எடுக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர்களோ உள்ளூர்ப் பையனான ஜோ மாவரை எடுத்தார்கள். அதனால் இரண்டாவதாக நின்ற கப்ஸ் அணிக்குப் பிரையர் கிடைத்தார். 1.05 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். தேர்வு முறையில் வந்த ஒரு வீரருக்கு அதுவரை யாரும் தராத தொகை அது. மாவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிகாகோவில் சிரித்தவர்கள் உண்டு. அந்த மாவர் மூன்று முறை மட்டையடிப் பட்டம் வென்று, 2009இல் லீகின் மதிப்புமிக்க வீரராகி, 2024இல் புகழ் மண்டபத்தில் சேர்ந்தார். தேர்வு நாளில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரையர் 2002 மே மாதம் முதல் ஆட்டம் ஆடினார். பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக ஆறு இன்னிங்ஸில் 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். கிரிக்கெட் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு விளக்கம்: ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் களமிறங்குவார், இறங்கினால் சுமார் 100 பந்துகள் எறிவார். ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். மட்டையாளர் பந்தை அடிக்க முடியாமலேயே அவுட்டானால் அது ஸ்ட்ரைக் அவுட். 18.44 மீட்டர் தூரத்திலிருந்து, ஓடிவராமல், நின்ற இடத்திலிருந்தே மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறிய வேண்டும். அடுத்த ஆண்டு, அதாவது 2003, பிரையருடைய ஆண்டு. 18 வெற்றி, 6 தோல்வி, 211 இன்னிங்ஸில் 245 ஸ்ட்ரைக் அவுட்டுகள். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் 2.43. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதின் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். அந்தக் கோடையில் நோயாளி ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டுக்குப் போய் நானும் அவரைப் பார்த்தேன். பேஸ்பால் எனக்கு அப்போது பாதிதான் புரியும். 6 அடி 5 அங்குல உயரம், தூண் போன்ற கெண்டைக்கால்கள். எந்த அவசரமும் காட்டாமல் காலைத் தூக்கி இறக்குவார். பந்து கேட்சரின் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவரின்) கையுறையில் அறைகிற சத்தம் கேட்ட பிறகுதான் எறிந்துவிட்டார் என்றே நமக்கு உறைக்கும். பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, “குறையே இல்லாத வீச்சு, இந்தக் கை 20 வருடம் தாங்கும்” என்றார். அந்த ஊரில் அப்போது எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் “குறையில்லாத வீச்சு” என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் கதையின் முடிச்சே அங்குதான் இருக்கிறது. திறமைசாலிகள் ஆண்டுதோறும் வருகிறார்கள், பாதிப் பேர் அடிபட்டுப் போகிறார்கள் என்பது பேஸ்பால் ரசிகர்களுக்குத் தெரியாததல்ல. சிகாகோவுக்கே தெரியும். 1998 மே மாதம் அதே அணியின் கெரி உட், 20 வயதில், தம் ஐந்தாவது ஆட்டத்திலேயே 20 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்த ஆண்டு முழுவதும் முழங்கை அறுவை சிகிச்சையால் வீட்டில் இருந்தார். உட் கையைச் சாட்டைபோல வீசுகிறார், அதனால்தான் அப்படி ஆனது என்று விளக்கம் சொன்னார்கள். பிரையருக்கு அப்படி ஆகாது என்றார்கள், ஏனென்றால் அவர் சிறு வயதிலிருந்தே முறையாகப் பயின்றவர். முன்னாள் பிட்சரும் பயிற்சி முறைகளில் பேர்பெற்றவருமான டாம் ஹவுஸிடம் கற்றவர். அவர் எறிவதைப் படமெடுத்துப் பையன்களுக்குப் பாடமாகக் காட்டினார்கள். ஆக, ரசிகர்கள் எதிர்பார்த்தது வெற்றிகளை மட்டுமல்ல. உடையாத ஒரு கையைத் தங்களுக்கு யாரோ உறுதியளித்துவிட்டதாக நம்பினார்கள். பிரையர் அப்படி ஓர் உறுதியும் கொடுத்தவரல்ல.

2003 அக்டோபர் 14 இரவைச் சொல்லாமல் போக முடியாது. அதுவரை கப்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1908இல், பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடருக்கு அவர்கள் கடைசியாகப் போனதோ 1945இல். 2003இல் அட்லாண்டாவை வீழ்த்தியதுதான், 1908க்குப் பின் பட்டத்துக்கான சுற்றில் அவர்கள் வென்ற முதல் தொடர். அதில் அட்லாண்டாவின் பிட்சர் கிரெக் மேடக்ஸை எதிர்த்துப் பிரையர் ஆட்டம் முழுவதும் தாமே எறிந்து, இரண்டே அடிகளை விட்டுக்கொடுத்து வென்றார். அடுத்து ஃப்ளோரிடா மார்லின்ஸ். ஆறாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில், ஒருவர் அவுட்டாகிவிட்ட நிலையில் கப்ஸ் 3-0 என்று முன்னணியில் இருந்தது. இன்னும் ஐந்து பேரை அவுட்டாக்கினால் உலகத் தொடர். எறிந்துகொண்டிருந்தவர் பிரையர். இடப்பக்க எல்லைச் சுவரோரம் உயர்ந்து வந்த பந்தைப் பிடிக்கக் கப்ஸின் மொய்ஸஸ் அலூ தாவினார். முன்வரிசை ரசிகர்கள் சிலர் கை நீட்டினார்கள், ஒருவருடைய கையில் பட்டுப் பந்து விலகியது. அந்த மனிதரின் பெயரை நான் எழுதமாட்டேன். ஊர் அவரைப் படுத்தியது போதும். அதன் பிறகு கப்ஸின் ஷார்ட்ஸ்டாப் (உள்வட்டத் தடுப்பாளர்) அலெக்ஸ் கான்சலஸ் இரண்டு பேரை அவுட்டாக்கியிருக்கக்கூடிய எளிய பந்தைத் தவறவிட்டார். மார்லின்ஸின் டெரெக் லீ அடித்த அடியில் ஆட்டம் சமனானது. பிரையர் 119 பந்துகள் எறிந்த களைப்போடு வெளியேறினார். அந்த ஒரே இன்னிங்ஸில் மார்லின்ஸ் எட்டு ஓட்டங்கள் எடுத்தது. மறுநாள் ஏழாவது ஆட்டத்தையும் கப்ஸ் தோற்றது.

அதன் பிறகு பிரையர் பழைய பிரையராக இருந்ததே இல்லை. 2004இல் குதிகால் தசைநார்ப் பிரச்சினையால் முதல் இரண்டு மாதம் ஆடவில்லை; ஆண்டு முடிவில் 6 வெற்றி, 4 தோல்வி. 2005 மே மாதம் கொலராடோவின் பிராட் ஹாப் அடித்த பந்து நேராக வந்து அவருடைய எறியும் கையின் முழங்கையில் மோதி எலும்பு விரிசல் கண்டது. ஒரு மாதத்தில் திரும்பிவந்து, அந்த ஆண்டு மொத்தம் 11 ஆட்டங்கள் வென்றார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2006இல் தோள் கைவிட்டது. ஒரு வெற்றி, ஆறு தோல்வி. ஆகஸ்டு 10 அன்று ஆடியதுதான் அவருடைய கடைசிப் பெரிய லீக் ஆட்டம். 2007 ஏப்ரலில் தோள் அறுவை சிகிச்சை, 2008இல் மறுபடியும் ஒன்று. மொத்தக் கணக்கு 42 வெற்றி, 29 தோல்வி, 657 இன்னிங்ஸில் 757 ஸ்ட்ரைக் அவுட்டுகள், சராசரி 3.51. அந்த 3.51 எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். நியூயார்க் மெட்ஸின் டுவைட் கூடன் 1985இல், 20 வயதில், 24 வெற்றி 4 தோல்வி, 1.53 சராசரி என்று உலகையே வாய்பிளக்க வைத்துவிட்டு, 194 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார். எதிர்பார்ப்பை நிறைவேற்றாதவர் என்று அவரையும்தான் சொல்கிறார்கள். அவருடைய வாழ்நாள் சராசரியும் அதே 3.51. ஒருவருக்கு 16 பருவம், இன்னொருவருக்கு 5. இரண்டு கதைகளுக்கும் கடைசி வரி ஒன்று.

இனி பழி யார் மீது என்பதற்கு வருகிறேன். டஸ்டி பேக்கர் பிரையரை நிறைய எறியவைத்தார் என்பது உறுதி. 2003 செப்டம்பரில் பட்டத்துக்கான போட்டி கடுமையாக இருந்தபோது, அந்த மாதம்தான் 23 வயது நிறைந்த பையன் ஒரே மாதத்தில் மூன்று ஆட்டங்களில் 130 பந்துகளைத் தாண்டினார். அட்லாண்டாவுக்கு எதிரான அந்த முழு ஆட்டத்தில் 133. மார்லின்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் கப்ஸ் 11-0 என்று முன்னணியில் இருந்தபோதும் அவரை ஏழு இன்னிங்ஸ் வரை நிறுத்திவைத்தார்கள். அதற்கு என்ன அவசியம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஓர் ஆட்டத்துக்காக மட்டும் பேக்கரைக் குற்றம் சாட்டலாம் என்றால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் “அதனால்தான் தோள் கெட்டது” என்ற அடுத்த படி இருக்கிறதே, அது உறுதியில் சேராது. அங்கே ஊகம் தொடங்குகிறது.

ஏன் என்று சொல்கிறேன். அதே அணியில், அதே மேனேஜரின் கீழ், அதே ஆண்டில், பிரையரைவிட ஏறத்தாழ ஒன்பது மாதம் இளையவரான கார்லோஸ் சம்ப்ரானோ 214 இன்னிங்ஸ் எறிந்தார். அவர் அதன் பிறகும் ஆண்டுக் கணக்கில் எறிந்து 132 வெற்றிகள் பெற்றார். நோலன் ரையன் 1974இல் ஒரே ஆட்டத்தில் 235 பந்துகள் எறிந்தார் என்று சொல்வார்கள். அந்தக் கை 46 வயது வரை வேலை செய்தது. மறுபக்கம் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்கைப் பாருங்கள். பிரையருக்குப் பின் அவ்வளவு ஆரவாரத்தோடு வந்த பிட்சர் அவர்தான். 2010இல் முழங்கை அறுவை சிகிச்சை ஆனது. 2012இல் வாஷிங்டன் அணி அவருடைய கையைக் காப்பாற்ற வேண்டும் என்று, பட்டத்துக்கான சுற்று கண்முன்னே இருக்கும்போதே, 159 இன்னிங்ஸோடு அவரை உட்காரவைத்தது. கண்ணாடிப் பாத்திரம்போல அவரைக் கையாண்டார்கள். 2019 உலகத் தொடரில் அவர்தான் சிறந்த வீரர். அதற்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அந்த ஒப்பந்தத்தில் அவர் எறிந்தது எட்டே ஆட்டங்கள், 31 இன்னிங்ஸ், 2024இல் ஓய்வு. நிறைய எறிந்தவர்கள் தப்பியிருக்கிறார்கள், குறைவாக எறிந்தவர்கள் உடைந்திருக்கிறார்கள். சுமை ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. களைப்போடு எறிவது இன்னும் கூட்டும். ஆனால் கூட்டும் என்பது வேறு, இவருக்கு இதனால்தான் வந்தது என்பது வேறு. புகைபிடித்தவர் ஒருவரைக் காட்டி, அவர் உடைத்த எந்தப் பாக்கெட்டால் நோய் வந்தது என்று கேட்டால் எந்த மருத்துவரும் பதில் சொல்ல முடியாது.

பந்து எண்ணிக்கையில் வராத விஷயங்களும் இருக்கின்றன. 2003 ஜூலையில், பிரையர் ஓட்டம் எடுக்க ஓடும்போது அட்லாண்டாவின் மார்கஸ் ஜைல்ஸ் மீது மோதி, வலது தோள் தரையில் படும்படி விழுந்தார். தேசிய லீகில் அப்போது பிட்சர்களும் மட்டையடிக்க வேண்டும், ஓட வேண்டும். 2022இல்தான் அது நிரந்தரமாக ஒழிந்தது. பிரையர் மூன்று வாரத்தில் திரும்பிவந்து, மீதிப் பருவத்தில் 10 வென்று ஒன்றே ஒன்று தோற்றார். எனவே அந்த விழுகை ஒன்றும் செய்யவில்லை என்று முடிவுகட்டினார்கள். நான் அவ்வளவு அவசரப்படமாட்டேன். தோளின் உள்ளே விளிம்பு லேசாகப் பிய்ந்த பையன்கள் அந்தப் பருவம் முழுக்க நன்றாக எறிந்துவிட்டு, மறு ஆண்டு வந்து என் மேசையில் படுத்திருக்கிறார்கள். பிரையருக்கு அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை, நடந்திருக்கலாம். அதன் மேல் குதிகால். காலில் வலி இருக்கும் பிட்சர் தெரியாமலேயே கையால் ஈடுகட்டுவார். எங்கள் தொழிலில் அன்றாடம் பார்ப்பது இது. அதன் மேல் முழங்கை விரிசல். மூன்று ஆண்டுக்குள் இத்தனை. இவற்றில் பந்து எண்ணிக்கை ஒன்றை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. அதை மட்டும்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி எண்ண முடியும்.

தோளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் இது இன்னும் விளங்கும். இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லுக்குள் குழவி உட்கார்ந்திருப்பதுபோல ஆழமாகப் பதிந்தது. தோள் மூட்டோ சின்னத் தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம். கை எல்லாத் திசையிலும் சுழல வேண்டும் என்பதற்காக ஆழத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தத் தட்டுக்கு விளிம்புபோல லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் ஓடுகிறது. சுற்றிலும் ஒரு பை. அதற்கு மேல் நான்கு சிறிய தசைகள் பழத்தைத் தட்டின் நடுவில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிட்சர் கையைப் பின்னால் மடக்கி முன்னால் சுழற்றும்போது, மேற்கை நொடிக்கு ஏறத்தாழ 7,000 பாகை என்ற வேகத்தில் திரும்புகிறது. மனித உடம்பில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் ஒன்று இது. பந்து கையை விட்டுப் போன பிறகு அந்தக் கையை நிறுத்த வேண்டும் அல்லவா? உடம்பின் எடைக்கு நிகரான விசை பழத்தைத் தட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது, அந்தச் சின்னத் தசைகள் அதைத் தடுக்கின்றன. ஓர் ஆட்டத்தில் நூறு முறை. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து, முழங்கையை நீட்டியபடி, இடுப்பும் முதுகும் சுமக்க வீசுகிறார். அதனால்தான் அவர்களுக்கு முதுகெலும்பில் விரிசல் வருகிறது. மடக்கி எறியும் பிட்சருக்கோ தோளும் முழங்கையும்தான் விலை கொடுக்க வேண்டிய இடங்கள்.

அதனால் “குறையில்லாத வீச்சு” என்பதை நான் ஏற்பதில்லை. நல்ல வீச்சு உண்டு, மோசமான வீச்சு உண்டு. நல்ல வீச்சு சுமையைக் காலுக்கும் இடுப்புக்கும் கொஞ்சம் பகிர்ந்துகொடுக்கும். சுமையே இல்லாத வீச்சு 150 கிலோமீட்டர் வேகத்தில் கிடையாது. என் கோபமெல்லாம் அதன் பிறகு நடந்ததன் மேல்தான். பிரையர் உடைந்ததும், முன்பு பாடமாகக் காட்டிய அதே படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, “பாருங்கள், முன்கால் தரையில் படும் நேரத்தில் முழங்கைகள் தோளுக்கு மேலே போய்விட்டன, அப்போதே தெரிந்திருக்க வேண்டும்” என்று வட்டம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார்கள். 2003இல் குறையில்லாதது 2007இல் குறை நிறைந்ததாகிவிட்டது. மாறியது வீச்சு அல்ல, முடிவு தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த முழங்கை விவகாரத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் நான் தயாரில்லை. கை தாமதமாக மேலே வந்தால் தோளுக்குச் சுமை கூடும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு நிழற்படத்தை வைத்து யார் உடைவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பவர்களை நான் கிளி ஜோசியக்காரரோடுதான் சேர்ப்பேன்.

தோள் ஏன் திரும்பவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை. முழங்கைத் தசைநார் அறுந்தால் இன்று வழி இருக்கிறது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு உடம்பின் வேறிடத்திலிருந்து தசைநார் எடுத்துக் கட்டினார். அந்த மனிதர் 46 வயது வரை எறிந்தார். இன்று அந்த அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பிட்சர்களில் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். தோள் அப்படியல்ல. லேப்ரத்தையும் பையையும் இறுக்கித் தைத்தால் மூட்டு நிலைக்கும், ஆனால் பின்னால் மடங்கும் அளவு குறையும். பிட்சருக்கு வேகம் வருவதே அந்த மடங்கலில்தான். தளர்வாக விட்டால் மறுபடி பிய்யும். எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது நூல் பிடித்து அளக்கிற காரியமல்ல. சாதாரண மனிதருக்கு வெற்றி என்று நாங்கள் எழுதும் தோள், பிட்சருக்குத் தோல்வியாக இருக்கும். அவர் கை தூக்குவார், தலை வாருவார், பிள்ளையோடு பந்து விளையாடுவார். 150 கிலோமீட்டர் மட்டும் வராது.

ரசிகர்கள் இதையெல்லாம் அப்போது கேட்கும் நிலையில் இல்லை. 2005, 2006 வாக்கில் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட, “அவனுக்கு ஒன்றுமில்லை, மனசு தளர்ந்துவிட்டது, அந்த எட்டாவது இன்னிங்ஸிலிருந்து பயந்துவிட்டான்” என்று பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். வலிக்கிறது என்று ஒருவர் சொல்லி, படத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால், சந்தேகம் வலி சொல்பவர் மீதுதான் விழும். ஆட்டக்காரர்களுக்கு மட்டுமல்ல, என்னிடம் வரும் தையற்காரருக்கும் இதே கதிதான். பிறகு 2007இல் அறுவை சிகிச்சையில் பார்த்தபோது தோளுக்குள் தைக்க வேண்டியது நிறைய இருந்தது. மனசு தளர்ந்தவர் என்ற பட்டத்துக்கு இன்னொரு மறுப்பும் இருக்கிறது. பிரையர் ஓய்வை அறிவித்தது 2013 டிசம்பரில். கடைசி ஆட்டத்துக்குப் பிறகு ஏழு ஆண்டுகள் சான் டியேகோ, டெக்சஸ், யாங்கீஸ், ரெட் சாக்ஸ், சின்சினாட்டி என்று ஒவ்வோர் அமைப்பாகப் போய், மைனர் லீகிலும் (பெரிய அணிகளின் கீழ்நிலைப் போட்டிகளிலும்) எந்த அணி அமைப்பிலும் சேராத சிறு லீகிலும் முயன்றுகொண்டே இருந்தார். பெரிய லீகின் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அடியேனுக்கு அவருடைய 2003ஐ விட அந்த ஏழு ஆண்டுகள் மேல் மதிப்பு அதிகம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: மேனேஜர் மட்டும் கெடுக்கவில்லை, உடம்பு மட்டமும் இல்லை. அதிகச் சுமை, ஒரு மோதல், ஓர் அடிபட்ட குதிகால், ஓர் உடைந்த முழங்கை, இவற்றுக்கு நடுவில் இயல்பிலேயே ஆழமில்லாத ஒரு மூட்டு. இவற்றுள் எது எத்தனை பங்கு என்று பிரித்துக்கொடுக்க யாராலும் முடியாது. பேக்கர் 2022இல் ஹூஸ்டன் அணியோடு உலகத் தொடரை வென்றபோதும் சிகாகோவில் பலர் பிரையரைத்தான் நினைத்தார்கள். கப்ஸ் 2016இலேயே பட்டம் வென்று அந்தப் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டது. இருந்தும் உங்கள் அலுவலகப் பெரியவர் இன்னும் ஆறவில்லை பாருங்கள். பிரையர் இப்போது என்ன செய்கிறார் என்று அவரிடம் கேளுங்கள், தெரிந்திருக்கும். 2020இலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சிங் பயிற்சியாளர். 2020, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த அணி உலகத் தொடரை வென்றது. அங்கேயும் பிட்சர்களின் தோளும் முழங்கையும் உடைந்துகொண்டுதான் இருக்கின்றன. இத்தனை அறிவியல், இத்தனை கேமரா, அவரைப் போன்ற அனுபவசாலி கூடவே இருந்தும்.

இனி உங்கள் மகன். இங்கே என்னால் இன்னும் உறுதியாகப் பேச முடியும், ஏனென்றால் சிறுவர்களைப் பற்றிய சான்றுகள் பெரியவர்களைப் பற்றியதைவிடத் தெளிவானவை. இளம் பிட்சர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு இருந்தது. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துகள்தான் உச்சம் என்று மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வழிகாட்டுதல் கொடுத்திருக்கின்றன. 66ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. அதை அவனுடைய பயிற்சியாளர் எண்ணுவார் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு அணிக்கு ஆடும் பையனின் மொத்தக் கணக்கு இரண்டு பயிற்சியாளருக்கும் தெரியாது, வீட்டில்தான் தெரியும். ஆண்டில் நான்கு மாதமாவது எறியாமல் இருக்கட்டும். அந்த நேரத்தில் கால்பந்தோ நீச்சலோ எதுவானாலும் சரி. எறியாத நாட்களில் கேட்சராகவும் நிற்கிறானா என்று பாருங்கள், அதுவும் அதே கைக்குத்தான் வேலை.

வலி பற்றி ஒன்று மட்டும். ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் “வலிக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். எல்லாப் பையன்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், அடுத்த ஆட்டம் போய்விடும் என்ற பயம். மறுநாள் காலையில் சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் நுழைக்கிறான் என்று பாருங்கள். வழக்கத்துக்கு மாறாக எறியும் கையை முதலில் நுழைத்து, மற்றக் கையால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டால், அந்த வாரம் அவன் எறிய வேண்டாம். இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் அப்படியே செய்தால் ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். 12 வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) இன்னும் மூடியிருக்காது. முதலில் வலிப்பது அநேகமாக அந்த இடம்தான், நேரத்தில் நிறுத்தினால் அது ஆறிவிடும்.